இரண்டு கண்ணுக்கும் ஒரே நம்பர்

கார்த்திகேசன் சார் கம்ப்யூட்டரில் லென்ஸ் நம்பரை ஏற்றும் முன் தன் புருவத்தைத் தொட்டுக்கொள்வார். வலது கண் என்றால் வலது புருவம், இடது என்றால் இடது. எதிரே உட்கார்ந்திருப்பவரின் வலது நமக்கு இடப்பக்கம் இருக்கும். அந்தக் குழப்பம் வரக்கூடாது என்றுதான் அப்படிச் செய்வார். பதினோரு வருஷமாகப் பார்க்கிறேன். தொட்டுத் தொட்டு அந்த இடத்தில் முடியே மெலிந்துவிட்டது.

நாங்கள் வேலை செய்வது சிதம்பரத்தில் ஒரு சின்னக் கண் ஆஸ்பத்திரி. கடலூரில் அதற்கு ஒரு கிளை உண்டு. கண்புரை ஆபரேஷன்தான் அதிகம். எந்தக் கண்ணோ அந்தப் புருவத்துக்கு மேலே பிளாஸ்திரி ஒட்டுவதும், சீட்டில் உள்ள நம்பருக்கு லென்ஸ் டப்பா எடுத்துத் தட்டில் வைப்பதும் என் வேலை.

சார் காட்டுமன்னார்கோயில்காரர். அங்கே ரைஸ் மில்லில் மூட்டை எடை குறித்துக்கொண்டிருந்தவர், இங்கே பதிவு எழுத வந்தார். நோட்டுகள் பெருகிப்போனதும் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு தானாகவே அக்சஸ் என்ற கம்ப்யூட்டர் புரோகிராமைப் பழகி, நோயாளிகளுக்கான பக்கத்தைச் செய்தார். எட்டாவதோடு நின்ற எனக்கும் அதைக் காட்டியிருக்கிறார். பெரிய பக்கத்தில் பெயர், ஊர், வயது. அதற்குள்ளே இரண்டு சின்னக் கட்டம். ஒன்று வலது கண்ணுக்கு, ஒன்று இடது கண்ணுக்கு. கட்டம் இரண்டு என்றாலும் உள்ளே பதித்திருப்பது ஒரே படிவம்தான். கண்ணாடி மாட்டிய இரண்டு சட்டத்தில் ஒரே போட்டோவை வைத்த மாதிரி. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு பெயர் உண்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டுத்தான் சீட்டு நம்பரை எடுக்கும்.

கடலூரிலும் அதே பக்கம்தான். போன ஆவணியில் எழுத்து சின்னதாகத் தெரிகிறது என்று அங்கே சொன்னார்கள். அந்தச் சனிக்கிழமை சார் இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டுப் பெரிய அளவில் புதிதாகப் பதித்தார். அதன்பிறகு சீட்டு அடிக்கப்போனால், "எந்த நம்பர்?" என்று கேட்பதுபோல ஒரு பெட்டி முன்னால் வந்து நின்றது. மூடினால் மறுபடியும் வரும். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்காமல் எதையெதையோ மாற்றினார். சாயங்காலம் அந்தப் பெட்டி வரவில்லை. சீட்டு வந்தது. மாற்றிய பக்கத்தைக் கடலூருக்கும் அனுப்பிவைத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பதரை இருக்கும். இரண்டு பேர் உள்ளே போயிருந்தார்கள், இருவருக்கும் வலது கண். மூன்றாவது, திட்டக்குடிப் பக்கத்து இருசம்மாள். பிளாஸ்திரியைப் பிரித்தேன்.

"பீச்சாங்கைப் பக்கம்மா. மாத்திகீத்தி ஒட்டிடாத. சோத்தாங்கைக் கண்ணாலதான் மருமவளக் கண்காணிக்கிறன்."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சீட்டைப் பார்த்தேன். வலது 21.5. இடது 21.5. ஒருவருக்கு அப்படி வருவது உண்டு. ஆனால் முன்னால் போனவருக்கு 22, 22. அதற்கும் முன்னால் 20.5, 20.5.

டப்பா கையில் இருந்தது. தட்டில் வைக்க மனம் வரவில்லை.

நர்ஸ் தைலம்மாள் எட்டிப் பார்த்தார். "இன்னாடி, செலையாட்டம் நிக்கிற? டாக்டர் கேக்குறாரு பாரு."

"தோ வரேங்க்கா," என்று சொல்லி, டப்பாவோடு சார் மேசைக்குப் போனேன். தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே என்று சீட்டை இன்னொரு தடவை படித்துக்கொண்டேன்.

"சார், ஒருத்தருக்கு ரெண்டு கண்ணும் ஒரே நம்பர் வருமா?"

"வரும். ஏன் வராது?"

"மூணு பேருக்கும் வருமா சார்?"

புருவத்துக்குப் போன அவர் கை பாதியில் நின்றது. கம்ப்யூட்டரில் இருசம்மாளின் பக்கத்தைத் திறந்தார். அங்கே வலது 21.5, இடது 23. பக்கத்தில் சரி, சீட்டில் தப்பு.

"சட்டத்தோட பேரக் கூப்புடாம படிவத்தோட பேரக் கூப்புட்டுட்டன்," என்றார், என்னிடம் இல்லை, தனக்குத்தானே. புதிதாகப் பதித்தபோது முதல் சட்டமான வலது கட்டத்துக்குத் தானாகவே படிவத்தின் பெயர் அமைந்துவிட்டதாம். அதனால் சீட்டு எந்தக் கண்ணைக் கேட்டாலும் வலது கட்டத்தையே போய்ப் பார்த்திருக்கிறது. கேள்விப் பெட்டி வராமல் போனதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார்.

"உள்ள போய் நிறுத்தச் சொல்லும்மா. ஓடு!" என்றவர், உடனே "ஐயோ, கடலூரு" என்று போனை எடுத்தார்.

நான் டாக்டரிடம் பேசியதே கிடையாது. கதவைத் தள்ளி, "எடதுக் கண்ணு செய்யாதீங்க, சீட்டு தப்பு" என்று மட்டும் சொன்னேன். "பேசாதவ பேசுறா, ஏதோ இருக்கு," என்றார் தைலம்மாள்.

திரும்பி வந்தபோதும் சார் போனைக் காதில் வைத்திருந்தார். மணி அடித்து அடித்து நின்றது. மூன்றாவது தடவை அங்கே பதிவு எழுதும் அனுப்பிரியா எடுத்தாள்.

"எத்தினி முடிஞ்சிது?"

"ரெண்டு சார்."

"எந்தக் கண்ணு?"

"ஒண்ணு வலது. ஒண்ணு எடது."

சார் கண்ணை மூடிக்கொண்டார். "மேல செய்ய வேணாம்னு சொல்லு. அந்த எடதுக்குக் கண்ணு அளந்த மெஷின் பேப்பர எடு. ரெண்டு நம்பரும் படி."

காகிதம் புரளும் சத்தம் எனக்கே கேட்டது.

"வலது இருபத்திரண்டு. எடது இருபத்தொண்ணரை சார்."

இடது கண்ணுக்கும் இருபத்திரண்டையே வைத்துவிட்டார்கள். அரை நம்பர் வித்தியாசம். இருசம்மாளுக்கு ஒன்றரை நம்பர் மாறிப்போயிருக்கும்.

அவரே எழுந்து போய் டாக்டரிடம், "கம்ப்யூட்டர் தப்பு இல்ல டாக்டர், என் தப்பு," என்றார். மெஷின் பேப்பரைப் பார்த்துக் கையால் சீட்டு எழுதி ஆபரேஷன் நடந்தது. இருசம்மாளுக்கு 23 டப்பாவை எடுத்து வைத்தேன். சார் இரண்டு சட்டத்துக்கும் வேறுவேறு பெயர் வைத்து, கம்ப்யூட்டர் சீட்டு அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்கும்படி மாற்றினார். இல்லாத ஒரு நோயாளிக்கு வலது 10, இடது 30 என்று போட்டு, சீட்டை அடித்து அடித்துப் பார்த்தார். பிறகு கடலூருக்குத் தானே பஸ் ஏறினார்.

கடலூரில் அந்த இடது கண்காரர் தேவசகாயம். அவரிடம் அங்குள்ள டாக்டர் நடந்ததைச் சொன்னார். தூரத்து எழுத்து லேசாக மங்கும், கண்ணாடி போட்டால் தெளிவாகிவிடும் என்றார். தேவசகாயம் கோபமாகத்தான் போனார்.

இப்போது தேவசகாயம் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டுகிறார். மெஷின் பேப்பரைக் கூடவே பின் குத்தாமல் எந்தச் சீட்டும் உள்ளே போவதில்லை. டப்பாவை எடுக்கும் முன் இரண்டு நம்பரையும் நான் சத்தமாகப் படிக்கிறேன். சார் இன்னும் அதே மேசையில் இருக்கிறார். புருவத்தை இப்போதெல்லாம் இரண்டு தடவை தொடுகிறார்.