அப்படி ஒருவர் இல்லை

காலையில் மொன்றியலின் சென்ட் லோரன்ட் பகுதியில் எங்கள் அலுவலகக் கதவைத் திறந்ததும் வரவேற்பில் இருக்கிற பெண், "பொன்ஜூர், மதாம் வைத்தி" என்பாள். வைத்தி நானில்லை. என் பெயர் சுகந்தி. வைத்திலிங்கம் என் அப்பா. எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? வந்திறங்கிய அன்று கேட்டார்கள், அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றோடு அந்த மீசைக்கார மனிதர் மொன்றியலில் மதாமாகிவிட்டார். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவருடைய தமையன் ஒருவருக்குத்தான் துணிவு இருந்தது. அம்மாவுக்கு எப்போதும் "இஞ்சாருங்கோ"தான். ஒருமுறை தபால் கந்தோரில் கணவரின் பெயரென்ன என்று கேட்க, அம்மா என் தோளில் இடித்து, நீ சொல்லு பிள்ளை என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருவதில்லை.

எங்கள் கம்பனி, வீட்டில் படுத்திருக்கும் நோயாளிகளுக்கு மின்சாரக் கட்டில்களை வாடகைக்குக் கொடுக்கிறது. வருகிற போனை இப்போது முதலில் எடுப்பது ஒரு ஏஐ ஏஜென்ட். நீங்கள் எந்தப் பாஷையில் கதைத்தாலும் அதே பாஷையில் பதில் சொல்லும். ஆனால் கதைக்கிற ஆள் யாரென்று அதற்குத் தெரியாது. அதற்காக, வாடிக்கையாளர் பதிவுகளில் தேட ஒரு கருவியைக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கருவியை எப்படிப் பாவிப்பது என்று ஏஜென்டுக்குக் குறிப்பு எழுதுவதுதான் என் வேலை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், இதுவும் ஒரு உத்தியோகமா என்று கேட்பீர்கள். எனக்குப் பிடித்த உத்தியோகம். என் வாசகரான ஏஜென்ட் ஒரு எழுத்தையும் தவறவிடாது, சொன்னதை அப்படியே செய்யும். "குடும்பப் பெயரைக் கேட்டுத் தேடு. கிடைக்காவிட்டால், அப்படி ஒரு வாடிக்கையாளர் இல்லை என்று சொல்." இப்படித்தான் எழுதியிருந்தேன். இங்கிலிஷில் அது ஒரு பாவமும் அறியாத வசனம்.

போன விண்டரில் ஒருநாள், சரிவராமல் முடிந்த அழைப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஒரு தமிழ்க் குரல். நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்து அன்னம்மா என்ற வயதான அம்மா, முதல்நாள் பின்னேரம் எடுத்திருக்கிறார். கணவர் படுத்திருக்கிற கட்டிலின் தலைமாடு பாதி நிமிர்ந்தபடி இறுகிப்போய்விட்டது. மனிதர் நித்திரையில்லாமல் சரிந்து கிடக்கிறார். கட்டில் யாருடைய பெயரில் என்று ஏஜென்ட் கேட்டது. பிள்ளையளின்ர அப்பாவின்ர பேரில என்றார் அன்னம்மா. ஏஜென்டும் வெகு மரியாதையாகப் 'பிள்ளையளின்ர அப்பா' என்று தேடிப்பார்த்துவிட்டு, அப்படி ஒருவர் இல்லை என்றது. நோயாளியின் மனைவியிடம் சொல்கிற கதையா அது? 'அவர் இல்லை' என்றால் எங்கள் பாஷையில் என்ன கருத்து?

அன்னம்மா, அடுத்த அறைக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல் மெல்லச் சொன்னார்.

"சிவகுரு. அவற்ற பேர் சிவகுரு."

கருவி குடும்பப் பெயரையும் விலாசத்தையும் மட்டும்தான் பார்க்கும்; விலாசத்தைக் கேள் என்று நான் எழுதியிருக்கவில்லை. பதிவில் அந்த இடத்தில் இருந்தது சிவகுருவின் தகப்பன் தம்பையாவின் பெயர். சிவகுரு என்று ஒருவர் இல்லை என்று சொல்லி, நன்றியும் சொல்லி, ஏஜென்ட் போனை வைத்துவிட்டது.

உடனே அன்னம்மாவுக்கு எடுத்தேன். மன்னிப்புக் கேட்டேன், இப்போதே ஆள் வருகிறார் என்றேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கலியாணம் கட்டின நாளில இருந்து அந்தப் பேர் என்ர வாயில வந்ததில்லை, பிள்ளை. அதைச் சொல்லியும் ஆள் இல்லையெண்டிட்டுது. இவர் பக்கத்தில கேட்டுக்கொண்டெல்லோ கிடக்கிறார்."

கட்டிலை மத்தியானத்துக்குள் திருத்திவிட்டார்கள். மற்றதை யார் திருத்துவது?

எங்கள் மேலாளர் மத்தியூ நல்ல மனிதர். நடந்ததை விளக்கினேன். கணவரின் பெயரை அன்னம்மா சொல்லமாட்டார் என்றதும், இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லையா என்று கவலையோடு கேட்டார். இல்லை, அது மரியாதை என்றேன். அப்போ பிரிந்து வாழ்கிறார்களா என்றார். அதற்குமேல் என் பிரெஞ்சு போகவில்லை. கருவியை மாற்ற நாள் எடுக்கும், குறிப்பை மட்டும் இப்போது திருத்து என்றார். திருத்தினேன். பெயர் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதே, விலாசத்தைக் கேள். கிடைக்காவிட்டால், என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல். யாரையும் இல்லை என்று சொல்லாதே.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே ஏஜென்டுக்குப் போன் எடுத்தேன். சோதனைக்கென்று என்னுடைய பதிவு ஒன்றும் உள்ளே இருக்கிறது. சுகந்தி என்று சொன்னேன். மன்னிக்கவும், அந்தப் பெயரில் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. நான் எழுதிக்கொடுத்தபடியே சொன்னது, குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனம் ஒருமாதிரிப் போய்விட்டது. பிறகு, அம்மா சொல்லாத பெயரைச் சொன்னேன். அப்பா ஒருநாளும் பிளேன் ஏறியதில்லை. அவர் செத்தபோது எனக்கு இங்கே தங்கும் கடதாசி இன்னும் சரிவராததால், ஊருக்குப் போய் முகம் பார்க்கவும் முடியவில்லை.

"வைத்திலிங்கம் இருக்கிறார்," என்றது ஏஜென்ட். "மொன்றியல் விலாசம்தானே?"

ஓம் என்றேன்.