காற்று வரும் பக்கம்

என்னுடைய மூன்றாவது படக்கதைப் புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஓர் ஏலக்காய் இருக்கிறது. வரைந்த காய் அல்ல, நிஜக் காய். பச்சை போய் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது, அது படுத்திருந்த இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக ஊறியிருக்கிறது. புத்தகத்தைத் திறந்தால் இப்போதும் லேசாக மணக்கும். அதை அங்கே வைத்தவர் போடியில் நான் வேலை பார்த்த ஏலக்காய் மொத்த வியாபாரக் கிட்டங்கியின் முதலாளியம்மா.

எனக்கு ஊர் ராசிங்காபுரம். படித்து முடித்ததும் அந்தக் கிட்டங்கியில் கம்ப்யூட்டரில் பில் போடும் வேலை கிடைத்தது. பில் இல்லாத நேரத்தில் படம் வரைவேன். "இந்தப் புள்ள என்னத்தையோ கிறுக்குது" என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் தடுத்ததில்லை. அப்படிக் கிறுக்கியதுதான் 'மஞ்சுமேடு' என்ற தொடராக வளர்ந்தது. மழை வற்றிப்போன நாட்டுக்காக மழை விதையைத் தேடி மலையேறுகிறாள் ஒரு சிறுமி. மலைப்பாதையைக் காவல் காக்கிறாள் ஒரு பச்சை அரக்கி. அரக்கியின் இடுப்பில் ஒரு சுருக்குப்பை. உள்ளே என்ன இருக்கிறது என்று கதையில் நான் சொல்லவே இல்லை. சென்னையில் ஒரு சிறிய பதிப்பகம் துணிந்து அதை வெளியிட்டது.

அந்தச் சுருக்குப்பை முதலாளியம்மாவிடமிருந்து வந்தது. ஏலம் நடக்கும் இடத்தில் சாம்பிள் தட்டு வரிசையாகக் கைமாறி வரும். வியாபாரிகள் நாலு காயை எடுத்து, நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டுத் தரையில் போட்டுவிடுவார்கள். ஏலம் முடிவதற்குள் காலடியில் காய் நொறுங்கும். முதலாளியம்மா மட்டும் பார்த்த காயைப் பையில் போட்டுக்கொள்வார். "அந்தம்மா தரையில விழுந்ததக்கூட விடாது" என்று ஆண்கள் சிரிப்பார்கள். அந்தக் காய்கள் சாயங்காலம் எங்கள் எல்லாருடைய டீயிலும் மணந்தது அவர்களுக்குத் தெரியாது. சேட்டை எதுவும் நினைத்து நான் அந்தப் பையை வரையவில்லை. அழகாக இருந்தது, வரைந்தேன், அவ்வளவுதான்.

புத்தகம் ஓரளவு ஓடத் தொடங்கியதும், அதில் ஒளிந்திருக்கும் குறியீடுகளை விளக்குவதற்கென்றே ஒரு தம்பி யூடியூபில் கிளம்பினான். கெட்டிக்காரப் பையன். அட்டைப்படத்தின் மூன்று கால் நாய், கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற மூன்றையும் குறிக்கிறதாம். அட்டையில் நாலாவது காலுக்கு இடமில்லாமல் போனதை அவனிடம் யார் சொல்வது? எனக்கும் உள்ளூரப் பெருமைதான். நான் யோசிக்காததை எல்லாம் யோசித்தவளாக ஆக்கிக் காட்டுகிறானே, கசக்குமா? அப்படியே அவன் சுருக்குப்பைக்கும் வந்து சேர்ந்தான். பைக்குள் இருப்பவை அரக்கி விழுங்கிய குழந்தைகளின் உயிர்கள் என்று அடித்துச் சொன்னான்.

காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் பெண்கள் அந்த வீடியோவைக் கிட்டங்கியிலேயே சத்தமாக ஓடவிட்டார்கள். படம் திரையில் பெரிதாக வந்ததும் ஓர் அக்கா, "ஏத்தா, இது நம்ம முதலாளியம்மா சுருக்குப்பை தான?" என்றார். இன்னொருவர் மூக்கைக் காட்டினார், வேறொருவர் நின்ற நிலையைக் காட்டினார். ஒரே சிரிப்பு. பிறகு அந்த உயிர் விஷயம் வந்தது. சிரிப்பு நின்றது. திரும்பினால் முதலாளியம்மா பின்னால் நிற்கிறார்.

அவருக்குப் பிள்ளை இல்லை. கணவர் இறந்த பிறகு தனி ஆளாக வியாபாரத்தைத் தூக்கி நிறுத்தியவர். அந்தக் குறையைக் குத்திக் காட்டத்தான் பஜாரில் ஆட்கள் காத்திருந்தார்களே. நாலே நாளில் டீக்கடைகளில் "பிள்ளை முழுங்கி" என்ற பேச்சு புறப்பட்டுவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அந்தப் பேச்சுக்குப் படம் போட்டுக் கொடுத்தவள் நான். வேலை போனால் வேறு வேலை தேடலாம். அந்த அம்மா இனிமேல் என்னை "ஆத்தா" என்று கூப்பிடாமல் போனால் என்ன செய்வது என்பதுதான் என் பயமெல்லாம்.

வீடியோ பார்த்த அன்றைக்கு அவர் சொன்னது ஒன்றுதான். "அந்தப் புஸ்தகத்தையெல்லாம் கொண்டா, பாப்போம்."

கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகும் தினமும் டீ வந்தது, டீயில் காய் மணமும் வந்தது, அவர் மட்டும் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு நாள் மத்தியானம் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த அறையில் ஃபேன் ஓடாது. காற்று பட்டால் அவருக்குக் காது குடையும், சித்திரை வெயிலிலும் முந்தானையால் காதை மூடியிருப்பார். மேஜையில் என் புத்தகங்கள். அரக்கி வருகிற பக்கங்களில் எல்லாம் அடையாளத்துக்கு ஒவ்வொரு ஏலக்காய். புத்தகங்கள் வீங்கிப்போய் இருந்தன. என் மேல் உள்ள குற்றங்களை அடுக்கி வைத்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"படத்த ஒண்ணொண்ணாப் பாத்தேன்" என்றார். "இவ எங்க நின்னாலும் காத்து வர்ற பக்கமாத்தான் நிக்கிறா. அந்தப் புள்ள இவளுக்கு அங்கிட்டு நிக்கிது. பாரு, இவ சேலை பறக்குது, புள்ள முடி பறக்கல. எல்லாத்துலயும் அப்பிடித்தான். வேணும்னு வரைஞ்சியா ஆத்தா?"

பார்த்தேன். உண்மைதான். எல்லாப் படத்திலும் சேலை பறக்கிறது, எந்தப் படத்திலும் முடி பறக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கைகூடத் தெரிந்திருக்கவில்லை.

"இல்லம்மா, எனக்கே தெரியாது."

"பிள்ளைய முழுங்குறவ இப்பிடி நிக்க மாட்டா. அந்த வீடியோக்காரப் பயகிட்டச் சொல்லு."

அவனுக்கு அதை அப்படியே எழுதி அனுப்பினேன். உடனே இன்னொரு வீடியோ போட்டான், பஜாரும் பார்த்தது. ஆனால் அந்த அறையில் நின்றபோது என் மண்டையில் ஓடியது வேறு. அறுவடைக் காலத்தில் மலை மேல் பூப்பாறைப் பக்கம் இருக்கும் அவருடைய ஏலக்காய்த் தோட்டத்துக்கு எடை குறிக்க என்னையும் ஜீப்பில் கூட்டிப்போவார். முன்சீட்டில் டிரைவர் அண்ணனுக்கு அடுத்து நான், கதவில்லாத ஓரத்தில் அவர். ஆடிக் காற்றும் சாரலும் போடிமெட்டு ஏற ஏற அவர் மேல்தான் அடிக்கும். "உள்ள தள்ளி உக்காருங்கம்மா, நனையுறீக" என்பார் டிரைவர் அண்ணன். "எனக்குக் காத்து வேணும்ப்பா. வண்டி நாத்தம் தலையச் சுத்துது" என்பார் அவர். அந்த அம்மாவுக்குக் காற்று என்றால் உயிர் என்று அத்தனை வருடமும் நம்பினேனே! ஃபேன் போட விடாதவருக்கு! என் கண்ணுக்குத் தட்டுப்படாதது என் கைக்குத் தெரிந்திருக்கிறது. அழுதுவிட்டேன்.

"எதுக்கு இப்ப மூக்கைச் சிந்துற?" என்று அதட்டினார். கடைசிப் புத்தகத்தில் சிறுமி அரக்கியைக் கொல்வதாக எழுதி வைத்திருந்தேன். வாசகர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள். அழுகையோடு அதையும் சொல்லிவிட்டேன்.

புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "கொல்றதுன்னா கொல்லு. கதை ஒன்னோடது. அப்புறம் காத்த யாரு மறைப்பா?"

கொல்லவில்லை. கடைசிப் பக்கத்தில் அரக்கி சுருக்குப்பையைத் திறக்கிறாள், இருவரும் டீ குடிக்கிறார்கள். பாதி வாசகர்கள் ஏமாந்துபோய்த் திட்டினார்கள், திட்டிவிட்டுப் போகட்டும். அடையாளம் வைத்த காய்களையும் அன்றைக்கே பொறுக்குகிற அக்காமார் அள்ளிக்கொண்டு போய் டீயில் போட்டுவிட்டார்கள். ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது படம் வரைவதே என் முழுநேரச் சோலி. முதலாளியம்மாவும் வியாபாரத்தைத் தங்கை மகனிடம் விட்டுவிட்டார். முட்டி வலி அவரை வீட்டோடு உட்கார வைத்துவிட்டது. இந்த ஆடியில் தோட்டத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதே டிரைவர் அண்ணன், அதே ஜீப். பழக்கப்படி நான் முதலில் ஏறட்டும் என்று ஓரமாக நின்றார்.

"நீங்க மொதல்ல ஏறுங்கம்மா."

"நீ ஏறு, வெரசா. மழை வருது."

"எனக்குக் காத்து வேணும்மா. வண்டி நாத்தம் தலையச் சுத்துது."

என்னை ஒரு பார்வை பார்த்தார். டிரைவர் அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளியம்மா என் தோளைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறி உள்ளே நகர்ந்து உட்கார்ந்தார்.

மேலே ஏற ஏறச் சாரல் பிடித்துக்கொண்டது. இடது பக்கம் முழுக்க நனைந்துபோனேன். இவ்வளவு குளிரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பிப் பார்த்தேன். நரைத்த முடி பறக்கவில்லை. காதை மூடியிருந்த முந்தானையை எப்போதோ இறக்கிவிட்டிருந்தார். சுருக்குப்பையை அவிழ்த்து, ஒரு காயை எடுத்து நகத்தால் கீறி, மோந்து பார்த்துவிட்டு என் ஈரக் கையில் வைத்தார். நான் அதை வாயில் போட்டுக்கொண்டேன். புத்தகத்தில் வைக்கத்தான் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே.