ஜன்னல்களுக்கு ஒரு கங்காணி

என் வீட்டுக்காரர் சோணைக்கு எதைப் பார்த்தாலும் அதில் பாதியைக் கழற்றிப் போட்டால்தான் நிம்மதி. எங்கள் வீட்டு மேசை விசிறிக்கு முன்கூடு கிடையாது. அவருடைய பைக்குக்குப் பக்கப்பெட்டி கிடையாது. ஹாரனும் கிடையாது, கேட்டால் "வாயி எதுக்கு இருக்கு" என்பார். புதிதாக வாங்கிய கட்டிலின் தலைப்பலகையைக்கூட, "தூங்குறப்ப அதப் பாக்கவா போறோம்?" என்று கழற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். இத்தனை வருடக் குடித்தனத்தில் என்னைக் கழற்றிவிடாமல் வைத்திருப்பதே பெரிய காரியம்.

இந்தப் புத்தி ஜீப் ஓட்டியதில் வந்தது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோகும் ஜீப்பை வெகுகாலம் ஓட்டினார். ஏற்றத்தில் ஒவ்வொரு கிலோவும் எஞ்சினுக்குத் தெரியும் என்பது அவர் வேதம். நான் அந்த ஜீப்பில் ஏலக்காய் எடுக்கப் போனவள்தான். கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பார்த்து ஓட்டினார் என்று மற்ற பெண்கள் சொல்வார்கள். நான் நம்பவில்லை, ஏனென்றால் அந்தக் கண்ணாடியையும் பாதி நாள் கழற்றித்தான் வைத்திருந்தார்.

நாற்பதைத் தாண்டியதும் அவருக்கு இடுப்பில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. இனி ஜீப்பைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தார். அப்புறம் தேனியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த சிநேகிதரிடம் போய் உட்கார்ந்து, லேப்டாப்பைக் கழற்றப் பழகினார். கழற்றுவதென்றால் இவருக்குச் சொல்லியா கொடுக்க வேண்டும்! இப்போது போடியில் சந்தைக்குப் போகிற வழியில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் நிறைய வீட்டுப் பரணில் ஒரு லேப்டாப் கிடக்கும். பிள்ளைகள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கும் கல்யாணத்துக்கும் போய்விட்டார்கள், லேப்டாப்புக்கு வயசாகிவிட்டது. அவற்றை இறக்கித் தூசி தட்டி, லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு ஓடவைப்பதுதான் இவர் தொழில். லினக்ஸுக்குக் காசு கிடையாது. அதோடு, யார் வேண்டுமானாலும் அதை உள்ளே பிரித்துப் பார்க்கலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். அந்த 'எடுத்துவிடலாம்' என்ற வார்த்தையில் மனுஷன் விழுந்துவிட்டார்.

இவர் ஜீப்பை விட்டாலும் நான் விடவில்லை. வேறொருவர் ஓட்டும் ஜீப்பில் மலைக்குப் போய்வந்து கொண்டிருந்தேன். மழையில் நனைந்து, அட்டைக் கடிக்கு உப்புத் தடவி, குனிந்து குனிந்து காய் எடுத்து, முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஒரு நாள், எங்கள் மகளோடு படித்த சுசித்ரா மதுரையிலிருந்து போன் செய்தாள். அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் மலையாளப் பேச்சைக் கேட்டுத் தமிழில் எழுதித் தர ஆள் வேண்டுமாம். வீட்டிலிருந்தே செய்யலாமாம்.

"அத்தே, ஒங்களுக்கு மலையாளம் தெரியும்ல? டைப்ரைட்டிங்கும் படிச்சிருக்கீங்க. மூணு பேச்சு அனுப்புறேன், ஞாயித்துக்கெழம சாயந்தரத்துக்குள்ள எழுதி அனுப்புங்க. நல்லாருந்தா வேல ஒங்களுக்குத்தேன்."

தோட்டத்தில் பாதிப் பேச்சு மலையாளம்தான். தமிழ் டைப்ரைட்டிங் லோயர் நான் கல்யாணத்துக்கு முன்னாலேயே பாஸ் செய்தது. இந்த வேலை கிடைத்தால் நான் மலைக்குப் போக வேண்டாம். வேறு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மகள் பவதாரணியின் பழைய லேப்டாப்தான் எனக்கு. அதில் நன்றாகவே லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பேச்சை ஓடவிட்டுப் பக்கத்திலேயே எழுத உட்கார்ந்தால் திக்கியது. முதல் பேச்சில் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசிய டாக்டர் ஒவ்வொரு சொல்லையும் மூன்று தரம் சொன்னார்.

"திரையில இருக்குற கட்டு கனம், கிளி. மெமரியில பாதிய அதுவே திண்டுருது. நாளைக்கிச் சரி பண்ணிர்றேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

வெள்ளிக்கிழமை மலையிலிருந்து இறங்கி, குளித்துவிட்டு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். திரை கறுப்பு. வெறும் கறுப்பு. கீழே பட்டை இல்லை, படங்கள் இல்லை, மூலையில் கடிகாரம் இல்லை.

"யோவ், செத்துப்போச்சுய்யா!" என்று அலறிவிட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினார். ஒரு ஜன்னல் திரை முழுக்க விரிந்தது. இன்னொன்றைத் திறந்தார், முதல் ஜன்னல் தானாக ஒதுங்கி இடம் விட்டது. இடப்பக்கம் பேச்சு, வலப்பக்கம் எழுத்து. மௌஸ் தொடவே வேண்டியதில்லை. டாக்டர் திக்காமல் கடகடவென்று பேசினார்.

அப்போதுதான் இவர் விஷயத்தைச் சொன்னார். லினக்ஸில் நாம் திரையில் பார்க்கிற பட்டை, மெனு, கடிகாரம், வைஃபை அடையாளம் எல்லாம் சேர்ந்து ஒரு கட்டு. டெஸ்க்டாப் என்விரான்மென்ட் என்று அதற்குப் பேர். அந்த மாதிரிக் கட்டுகள் பல உண்டு, பிடித்ததைப் போட்டுக்கொள்ளலாம். இவர் கட்டையே தூக்கி எறிந்துவிட்டு, விண்டோ மேனேஜர் என்ற ஒன்றை மட்டும் போட்டிருக்கிறார்.

"அது என்னா செய்யும்?"

"எந்த ஜன்னல் எங்க நிக்கணும், எம்புட்டு அகலம், எது முன்னால, எது பின்னால. அம்புட்டுத்தேன் அதோட சோலி."

எனக்கு உடனே எங்கள் தோட்டத்து ராக்கு அக்கா ஞாபகத்துக்கு வந்தாள். அவள்தான் எங்களுக்குக் கங்காணி. காலையில் கையில் கம்போடு நின்று, நீ இந்த நிரை, நீ அந்த நிரை என்று செடி வரிசைகளுக்கு ஆட்களைப் பிரித்துவிடுவாள். ஒருத்தி வராவிட்டால் மற்றவர்களைத் தள்ளி நிறுத்திக் காலி நிரையை அடைப்பாள்.

"அப்ப இது ஜன்னலுக்குக் கங்காணி" என்றேன்.

"அதேன்! அதேதேன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார். புகழ்ந்துவிட்டேன் என்று நினைப்பு.

சனிக்கிழமை தோட்டத்துக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்குப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். இவர் நல்ல பேட்டரி ஒன்று மாட்டியிருந்ததால் கவலைப்படவில்லை. முதல் வேலையாகப் போன் நெட்டை லேப்டாப்பில் பிடிக்கப் பார்த்தேன். வைஃபை அடையாளம் இருந்த மூலையே இல்லை. கடைக்குக் கிளம்பியவரைக் கூப்பிட்டேன். கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்துப் பிடித்துக் கொடுத்தார். தமிழில் எழுதப் போனேன். இங்கிலீஷ்தான் விழுந்தது. தமிழ் எழுத்தை எழுப்பிவிடுகிறதும் அந்தக் கட்டு செய்த வேலையாம். இன்னொரு வரி அடித்தார். பேச்சு மெதுவாகக் கேட்டது. சத்தம் கூட்டும் பொத்தானை அமுக்கினால் கல்லை அமுக்குவதுபோல இருந்தது. அதற்கும் ஒரு வரி. பென்டிரைவைச் செருகினேன், உள்ளே போன பென்டிரைவ் எங்கே போனதென்றே தெரியவில்லை. அதற்கு இரண்டு வரி.

"எத்தன வரிய்யா? மூணு பேச்சுக்கு நான் எழுதுறத விட நீங்க எழுதுறது கூட இருக்கும்போல."

"இம்புட்டுத்தேன், முடிஞ்சிருச்சு. இனி பாரு, ஜீப்பு மாதிரிப் போகும்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

போனது. பொய் சொல்ல மாட்டேன், அவ்வளவு வேகமாக நான் எழுதியதே இல்லை. கண் ஒரு பக்கம், காது ஒரு பக்கம், கை பாட்டுக்கு ஓடுகிறது. டாக்டரை முடித்துச் சேமித்துவைத்தேன். இரண்டாவது, தேனீ வளர்க்கும் ஓர் அம்மாள். அழகாகப் பேசினாள். கொட்டு வாங்கியதைச் சொல்லிச் சிரித்தாள், நானும் சேர்ந்து சிரித்தேன். அவளோடு போகிற ருசியில் நடுவில் சேமிக்க மறந்துபோனேன். அவள் கடைசித் தேனடையை எடுத்துக்கொண்டிருந்தபோது திரை அணைந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை இல்லை, ஒரு 'டிங்' இல்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

"பேட்டரி கொறையுதுன்னு சொல்ற ஆளும் அந்தக் கட்டுக்குள்ளதேன் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

யோசித்தார். "ஆமா" என்றார்.

எனக்கு ஆத்திரத்தில் அழுகை வந்துவிட்டது. தேனீக்கார அம்மாள் போனதற்காக மட்டுமில்லை. மறுநாள் சாயந்தரத்துக்குள் அவளையும் இன்னொரு பேச்சையும் முடிக்காவிட்டால், இந்த வேலை போய்விடும், நான் மறுபடி அந்த ஜீப்பில் ஏற வேண்டும். அதற்குப் பிறகும் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

"ராக்கு அக்கா நிர பிரிச்சு விடுவா, சரி. வழுக்கி விழுந்தா மருந்து போடுறது அவளா? டீ கொண்டாறது அவளா? மழ வரப்போகுது, காய மூடுங்கன்னு ஸ்டோர்லருந்து ஆளனுப்புறது அவளா? எஸ்டேட்ட மூடிப்புட்டுக் கங்காணிய மட்டும் கம்போட நிறுத்தி வச்சிருக்கீங்களே, எவய்யா காய் எடுப்பா?"

அவர் உள்ளே வந்து, தானே சோற்றைப் போட்டுக்கொண்டு தட்டின் முன்னால் உட்கார்ந்தார். எனக்கே கொஞ்சம் இரக்கம் வந்தது.

"கங்காணிய நான் கொற சொல்லல. இவ நல்லவதேன். ரெண்டு பக்கமும் நிறுத்திக் குடுத்தாளே, அப்பிடி நான் எழுதுனதே இல்ல. ஆனா எஸ்டேட்டு வேணும். பெரிய பங்களா கேக்கல. ஒரு சின்ன எஸ்டேட்டு."

அவர் சோற்றைப் பிசைந்தார். பிறகு, "எஸ்டேட்டுலயும் ஒரு கங்காணி இருப்பாள்ல?" என்றார்.

"இல்லாமயா?"

"ஒவ்வொரு கட்டுக்குள்ளயும் ஒரு விண்டோ மேனேஜரு ஏற்கெனவே இருக்கு, கிளி. அதும் அந்தக் கட்டுல ஒரு உறுப்புதேன். ஒண்ணு எஸ்டேட்டு, இல்லாட்டிக் கங்காணின்னு நான் பாத்தேன். இலேசான கட்டா ஒண்ணப் போட்டு, அதுல உள்ள கங்காணிய மட்டும் கழத்திட்டு, நம்ம கங்காணிய மாட்டிறலாம்."

'மாட்டிறலாம்' என்று அவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாயந்தரம் கரண்ட் வந்ததும் உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் முடித்துவிட்டார். மேலே ஒல்லியாக ஒரு பட்டை, அதில் வைஃபை, சத்தம், பேட்டரி, 'த' என்று தமிழுக்கு ஓர் அடையாளம். ஜன்னல்கள் முன்போலவே பக்கம் பக்கமாகத் தானாக நின்றன. வெறும் கங்காணியாக இருந்ததைவிட மெமரி கொஞ்சம் கூடத்தான் பிடிக்கிறதாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனால் பேச்சு திக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேனீக்கார அம்மாளை மறுபடி முதலிலிருந்து எழுதினேன். இரண்டாம் தடவை கேட்டபோது, முதலில் தவறவிட்ட சொல் ஒன்று பிடிபட்டது. மூன்றாவது ஒரு பஞ்சாயத்துக் கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஜீப்புக்குள் வருகிற பேச்சைக் கேட்டுப் பழகிய எனக்கு அது ஒரு பொருட்டா? சாயந்தரத்துக்கு முன்னாலேயே அனுப்பிவிட்டேன். அன்று அவர் கடையைத் திறக்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தார், மத்தியானம் சோறாக்கினார், குழம்புக்குத் தாளிக்க மறந்தார். பாதியைக் கழற்றுகிறவர் வைத்த குழம்பு அப்படித்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை மலையிலிருந்து வந்தபோது மெயில் வந்திருந்தது. வேலை எனக்குத்தான். திங்கட்கிழமையிலிருந்து தொடங்கலாம் என்று சுசித்ரா எழுதியிருந்தாள். நான் சத்தமாகப் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். நாற்காலியில் உட்கார்ந்து முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

"என்னாய்யா இது? நல்ல சேதிக்கு யாராச்சும் அழுவாங்களா?"

"நீ ஏறிப் போனதும் நான் கடையில உக்காந்திருப்பேன். கையி லேப்டாப்புல இருக்கும். இப்ப முந்தல் தாண்டியிருக்கும், இப்ப புலியூத்து வளைவுன்னு, அந்த ஜீப்ப மனசுக்குள்ள நாந்தேன் ஓட்டிக்கிட்டிருப்பேன், கிளி. மேல போய்ச் சேந்துட்டேன்னு நீ போன் அடிக்கிற வரைக்கும் பிரேக்குல இருந்து கால எடுக்க மாட்டேன். தெனமும்."

இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடப் பயமாக இருக்கிறது என்று இவர் சொன்னதில்லை. டாக்டர் வேண்டாம் என்று சொன்ன அன்றைக்கே ஜீப்பை விட்டுவிட்டார் என்றுதான் நானும் ஊரும் நினைத்திருந்தோம். பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"நான் எறங்கிட்டேன். நீங்களும் எறங்குங்க" என்றேன்.