பாஸ்கெட்பால் திடலில் பள்ளி வேன்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பிப்ரவரி மாதக் கடைசியில் காரைக்குடியில் நடந்தது இது. அப்போது நாங்கள் சென்னையில் இருந்தோம். என் கணவருக்கு வங்கி வேலை. மே மாதம் காரைக்குடிக் கிளையில் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்பதால் எந்த ஊரும் ஒன்றுதான். மகன் முதல் வகுப்பு. புதுப் பள்ளியில் சறுக்குமரம் இருந்தால் போதும் என்று அவன் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டான். சிக்கல் மகளிடம்தான்.

அவள் அப்போது எட்டாம் வகுப்பு. அவளுக்கு உலகத்தில் இரண்டே விஷயம். ஒன்று பாஸ்கெட்பால். அது இல்லாத நேரத்தில் தூக்கம். தினமும் சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை விளக்கு வெளிச்சத்தில் ஆடிப் பழகியவள். "அங்க கோர்ட், கோச் இல்லன்னா நான் வரல. அப்பா மட்டும் போகட்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு வீட்டில் சாப்பிட மட்டும்தான் வாயைத் திறந்தாள்.

'அப்பா மட்டும்' என்ற வார்த்தை எனக்கு ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியது போல இருந்தது. ஏற்கெனவே ஒரு முறை அவர் தனியாக வெளி மாநிலத்தில் இருந்திருக்கிறார். மகன் அப்போது கைக்குழந்தை. அப்பாவைப் போனில் பார்த்தால் சிரிப்பான், நேரில் பார்த்தால் வீறிட்டு அழுவான். அவர் திரும்பி வந்த பிறகும் அந்த அழுகை நிற்கக் கொஞ்ச நாளாயிற்று. இன்னொரு முறை அப்படி ஒரு குடும்பம் நடத்த எனக்குத் தெம்பில்லை. அதற்காக, மகளை அழ வைத்து இழுத்துக்கொண்டு போகவும் மனம் வரவில்லை.

நான் பார்ப்பது சாஃப்ட்வேர் டெஸ்டிங். யார் என்ன சொன்னாலும் நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே. குக்கர் வாங்குவதென்றாலும் குறை சொல்லி எழுதியவர்களைத்தான் முதலில் படிப்பேன். பள்ளிகளையும் அப்படியே துருவினேன். இணையத்தில் பார்த்தால் எல்லாப் பள்ளியிலும் யோகா, ஸ்கேட்டிங், அபாகஸ், ரோபோடிக்ஸ், சிலம்பம். எல்லாப் பள்ளியின் முகப்பிலும் அதே வெள்ளைக்காரப் பையன் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். போன் செய்து கேட்டால், கேள்வியை முடிப்பதற்குள் "எல்லாம் இருக்கு மேடம்" என்று பதில் வந்தது. எல்லாம் இருக்கிற இடத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்காது என்பது என் அனுபவம். நேரில் பார்த்துவிடுவது என்று ரயிலேறினேன்.

காலையில் குளித்துத் தயாராவதற்காகப் பேருந்து நிலையத்தின் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். அன்றிரவே திரும்புவதாகத் திட்டம். ஆட்டோக்காரர், "வீடு பாக்க வந்தீகளா?" என்றார். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலத்துப் பெரிய வீடுகளைப் பார்க்கத்தான் வருவார்களாம். "இல்லைங்க, பள்ளிக்கூடம் பார்க்க வந்தேன்" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "பழைய பள்ளிக்கூடமா?" என்றார்.

முதல் பள்ளியில் கம்பம் இருந்தது, கூடை இல்லை. கம்பத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். இரண்டாவது பள்ளியில் எல்லாமே பளபளவென்று இருந்தது. சுற்றிக் காட்டிய ஆசிரியை, "ஒன்பதாவதுலேருந்து பி.டி. பீரியடையும் கணக்குக்கே குடுத்துருவோம் மேடம்" என்றார். நான் மகிழ்ந்துபோவேன் என்று எதிர்பார்த்துச் சொன்னார். நான் தலையாட்டினேன்.

மூன்றாவது பள்ளிக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. கொஞ்சம் பழைய கட்டடம். அலுவலகத்தில், "கோர்ட் இருக்கு, பின்னாடி போயிப் பாருங்க" என்றார்கள். பயிற்சி எப்போது என்று கேட்டதற்கு, "அதெல்லாம் கோச்சு பாத்துக்குவாரு" என்பதோடு சரி. பின்னால் போனேன். கோர்ட் இருந்தது. அதன் மேல் வரிசையாகப் பள்ளி வேன்கள் நின்றன. கூடைக்கு நேர் கீழே ஓர் ஓட்டுநர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தரையில் மணலும் ஆயில் கறையும். இன்னும் சற்று நேரத்தில் சென்னையில் என் மகள் ஆடக் கிளம்பிவிடுவாள்.

வாசலுக்கு வந்து கணவருக்குப் போன் செய்தேன். "இங்க பாஸ்கெட்பாலே கிடையாது. வேனுக்கு ஸ்டாண்டு வச்சிருக்காங்க. நீங்க மட்டும்தான் போகணும் போல" என்றேன். அவர் "சரி" என்றார். அந்தச் 'சரி'யைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஊரில், பள்ளிவிடுகிற கூட்டத்துக்கு நடுவில், துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்தில் ஸ்கூட்டரில் சாய்ந்து ஒரு பெண் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, கையில் டிபன் டப்பா. தன் மகள் வெளியே வந்ததும் ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்து டியூஷனுக்குக் கூட்டிப்போகக் காத்திருந்தார்.

"எங்குட்டு இருந்து வாரீக?" என்றார். சென்னை என்றேன்.

"நீங்க போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, கோவிச்சுக்கிறாதீக. இங்க பாஸ்கெட்பால் இல்லேன்னா சொன்னீக?"

நான் பின்பக்கம் கையைக் காட்டி, "வேன்தான் இருக்கு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "இந்நேரம் வந்து பாத்தா வேனுதான நிக்கும்? சாயங்காலம் ஆனா இந்த ஊருல எந்தப் பிள்ளை கிரவுண்டுல இருக்கும்? எல்லாம் டியூஷன்ல கெடக்கும். ஆட்டமெல்லாம் காலையில. எம் மகளும் ஆடுறா. விடியக்காலம் வந்து பாருங்க."

இரவே ரயில் என்றேன். எனக்குச் சந்தேகம் வேறு. நிஜமாகவே ஆட்டம் நடக்கிற கோர்ட்டில் யாராவது வேனை நிறுத்துவார்களா?

"ஒரு ராத்திரி தங்குனா கொறஞ்சா போயிருவீக? நான் கோட்டையூரு, பக்கந்தான். விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டு நேரா ஒங்க லாட்ஜு வாசலுக்கு வண்டியக் கொண்டாந்துர்றேன். வரலேன்னாலும் பரவால்ல. ஆனா பாக்காமப் போயி இல்லேன்னு மட்டும் சொல்லிராதீக" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தை என்னைக் குத்திவிட்டது. பார்க்காமல் இல்லை என்று சொல்லக் கூடாது என்பதுதான் என் தொழிலின் முதல் பாடம். டிக்கெட்டை ரத்து செய்தேன்.

சொன்னபடியே விடிந்தும் விடியாத நேரத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. அவர் மகள் தோழியோடு சைக்கிளில் முன்பே போய்விட்டாளாம். நாங்கள் போனபோது கோர்ட்டில் ஒரு வேன்கூட இல்லை. பந்துக்குப் பதிலாக ஆளுக்கொரு விளக்குமாறை வைத்துக்கொண்டு பெண் பிள்ளைகள் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வேன்கள் விட்டுப்போன மணலைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் தினமும் ஆட்டமாம். கோச் மின்வாரியத்தில் வேலை பார்ப்பவர். ஆபீஸ் நேரத்துக்கு முன்னால் வந்து இரண்டு கூடைகளிலும் மாற்றி மாற்றி விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஒரு கூடையில் பையன்கள் நிறையப் பேர். இன்னொரு கூடையில் பெண்கள், சரியாக ஒரு அணிக்கு மட்டும் ஆள். ஆனால் என்ன ஆட்டம்! முழங்கால் சிராய்த்ததைக்கூடக் கவனிக்காமல் ஓடினார்கள். 

படியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து எனக்கு டீ ஊற்றிக்கொண்டே அந்தப் பெண் கேட்டார்: "ஒங்க மக என்ன ஒசரம்?"

என் தோளுக்கு மேல் என்று காட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒங்ககிட்ட மறைக்கக் கூடாது. இந்த அஞ்சு பேருல ஒரு பிள்ளை வார வருசம் பத்தாவது. வீட்டுல நிப்பாட்டிருவாக. அஞ்சு பேரு இல்லாம டீமு ஏது? பொண்ணுங்களுக்கு இனிமே இல்லேன்னு கோச்சு சொல்லிருவாரு. எம் மக இதே நெனப்பா அழுவுறா. நேத்து நீங்க பாஸ்கெட்பால்னு சொன்னதும் எனக்கு வேற எதுவும் தோணல. ஒங்களுக்காக மட்டும் நான் வரல, எனக்கும் ஆள் வேணும்" என்றார்.

முதல் நாள் என் கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டு உதவ வந்தவர் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அதே காரணத்துக்காக அழுதுகொண்டிருந்தாள் என்று தெரிந்ததும், எனக்கு அவரிடம் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது.

இடைவேளையில் மகளுக்கு வீடியோ கால் போட்டேன். தூக்கக் கலக்கத்தில், "என்னம்மா?" என்று எரிந்து விழுந்தாள். நான் பேச வாயெடுப்பதற்குள் அந்தப் பெண்ணின் மகள் போனை வாங்கிக்கொண்டு கோர்ட்டுக்குள் ஓடிவிட்டாள். எல்லாத் தலைகளும் திரைக்குள் முட்டி மோதின. எந்தப் பொசிஷன், எந்தக் கை, எந்தக் கிளப் என்று சரமாரியாகக் கேள்வி. என் மகள் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள்.

"கூரையே இல்லையே, மழை பெய்ஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"நனைவோம்" என்றாள் இங்கே போனைப் பிடித்திருந்தவள்.

என் மகள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கேட்டு வாரக்கணக்காகியிருந்தது. போன் என்னிடம் திரும்பி வந்தபோது, "தினம் காலையில அஞ்சு மணிக்கு எந்திரிக்கணுமாம்மா? அய்யோ!" என்றாள். வர மாட்டேன் என்பவள் எழுந்திருக்கிற நேரத்தைப் பற்றி ஏன் கவலைப்படுகிறாள்? உடனே கணவருக்குப் போன் செய்து, "நாலு பேருக்கும் வீடு பாருங்க" என்றேன். அவர் இந்த முறையும் "சரி" என்றுதான் சொன்னார். ஆனால் குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பள்ளியில்தான் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்தோம். அங்கே ரோபோடிக்ஸ் கிடையாது. சோதனைச்சாலை சுமார்தான். சறுக்குமரமும் இல்லை என்பதால் மகன் என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மகளுக்கும் முதல் சில மாதம் எல்லாவற்றுக்கும் அலுப்பு, வெயிலில் கறுத்துவிட்டேன் என்று புலம்பல். அவளும் அந்தப் பெண்ணின் மகளும் பத்தாம் வகுப்புக்கு வந்தபோது, இனி விளையாட்டு வேண்டாம் என்று பள்ளியில் சொன்னார்கள். நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்து போய்த் தலைமையாசிரியையிடம் மன்றாடி, காலைப் பயிற்சியை மட்டுமாவது தக்கவைத்தோம். இப்போது இருவரும் பதினொன்றாம் வகுப்பு. பெண்கள் பக்கத்துக் கூடையில் இப்போது கீழ் வகுப்புப் பிள்ளைகளும் நிற்கிறார்கள்.

இப்போதும் சில நாள் காலையில் அந்தப் படியில் அவரோடு உட்கார்ந்து டீ குடிப்பேன். என் மகளுக்கு ஏற்ற ஊரா இது என்று அன்று ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டிருந்த எனக்கு, அதே ஊரில் ஒரு அம்மா என் மகளைப் போல ஒருத்தி வர மாட்டாளா என்று ஏங்கிக்கொண்டிருப்பார் என்பது மட்டும் தோன்றவே இல்லை.