அளவுகோலை அளந்தது யார்

என் அக்காவின் புருஷன் ஆனந்தராசா அத்தானுக்கு மூன்று வருடமாக ஒரே ஒரு எதிரிதான் இருந்தான். எங்களை ஊரைவிட்டுத் துரத்தியவர்கள் மீதுகூட அவருக்கு அத்தனை கோபம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அமெரிக்காவில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்த்தவன்தான் அந்த எதிரி.

தொண்ணூறாம் ஆண்டு ஏப்ரலில் அதை மேலே அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் செய்தி வந்தது, படமெல்லாம் மங்கலாம். வளைவு பிழையான கண்ணாடியை யாருமே கவனிக்காமல் பூமியைச் சுற்ற விட்டுவிட்டார்களாம். அன்றைக்குத் தொடங்கியது அத்தானின் பிரசங்கம். பிறந்தநாள் வீடு, கோயில் பூசை, செத்த வீடு எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

"கண்ணாடியைச் சோதிச்ச ரெண்டு சின்னக் கருவி வளைவு பிழையெண்டு காட்டியிருக்கு. ரெண்டையும் இவங்கள் நம்பேல்லை. ஏன்? தங்கடை பெரிய கருவி சரியெண்டு சொல்லிப்போட்டுதாம். அந்தப் பெரிய கருவிக்குள்ள ஒரு வில்லை ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் கூட விலகி நிண்டிருக்கு. அளவுகோலை ஆர் அளந்தது? சொல்லுங்கோ பாப்பம்."

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வடையை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். அவருடைய கோபத்துக்கு நியாயம் இல்லாமல் இல்லை. யாழ்ப்பாணத்தில் பெரிய வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த மனிதர். இங்கே அந்தச் சான்றிதழை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஈஸ்ட் டாமாக்கியில் பிளாஸ்டிக் குழாய் செய்கிற தொழிற்சாலையில் குழாயின் விட்டத்தை அளந்து பார்ப்பதுதான் வேலை. வேலை தொடங்குமுன் தன் அளவுக்கருவியே சரிதானா என்று முதலில் சோதித்துவிட்டுத்தான் குழாயைத் தொடுவார். ஒருநாளும் தவறியதில்லை. அதனால்தான் பேச அவ்வளவு வாய்.

ஊருக்குத்தானே உபதேசம்.

அவருக்கு ஒரே மகள், கம்சாயினி. ஒன்பது வயது. புஷ்பவதி அக்கா அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்தவள். பாபடோயிட்டோய் என்கிற புறநகரில் நானும் அவர்களோடுதான் இருந்தேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடத்தில் அதிகாலை வேலை எனக்கு. பின்னேரம் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வருவேன். அதனால் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை முழுக்கப் பார்த்தவள் நான்.

பள்ளியில் அவளை மந்தமான பிள்ளைகளோடு இருத்தினார்கள். கரும்பலகையில் 38 இருந்தால் அவள் கொப்பியில் 33 இருக்கும். கணக்கைச் சரியாகத்தான் செய்திருப்பாள். செய்தது வேறு கணக்காக இருக்கும். அத்தான் கொப்பியைப் பார்ப்பார், பிறகு கோடு கீறுகிற மர அடிமட்டத்தை எடுப்பார். உள்ளங்கையில் விழும். "பாத்து எழுதத் தெரியாதோ? மூளையை எங்கை வச்சிட்டு வந்தனி?" பிள்ளை அழாது. கையை மற்றக் கைக்குள் பொத்திக்கொண்டு நிற்கும்.

பள்ளிக்கு வந்து கண் பரிசோதித்த தாதி அக்காவைக் கூப்பிட்டு நேரேயே சொன்னாள், பிள்ளைக்குத் தூரத்தில் உள்ளது தெரிவதில்லை, கண்ணாடி வேண்டும் என்று. நானும் சொன்னேன். பஸ் எங்கள் முன்னால் வந்து நிற்கும் வரைக்கும் அவளுக்கு இலக்கம் தெரிவதில்லை, என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டுகிறாள் என்று.

அக்காவுக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி. "பொம்பிளைப்பிள்ளைக்கு இந்த வயசிலயே கண்ணாடி போட்டால் பிறகு ஆரடி கட்டுவான்? சோடாப்புட்டி எண்டெல்லோ சொல்லுவினம்."

ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிறாள். பிள்ளை கரும்பலகையைப் பார்க்கவேண்டும் என்ற கவலை இல்லை. கரட்டும் மீனெண்ணெயும் கொடுத்தாள். பிள்ளைக்கு அந்த மணமே ஓங்காளத்தை வரவழைத்தது, கண் மட்டும் அப்படியேதான் இருந்தது.

அத்தான் என்ன செய்தார் தெரியுமா? சாமியறையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து வந்தார். அதில் நாழிகை விநாடியெல்லாம் எறும்பு வரிசை மாதிரிப் பொடியாக அச்சடித்திருக்கும். எங்களுக்கே வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும். "வாசி" என்றார். கம்சாயினி அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஓர் எண்ணும் தவறாமல் வாசித்தாள்.

"பாத்தியோ உஷா? என்னாலையே ஏலாத எழுத்து. உவளுக்குக் கண்ணிலை ஒரு குறையும் இல்லை. பஞ்சிதான். படிக்கச் சோம்பல்."

"அது கிட்டப் பாக்கிறது அத்தான். தூரத்திலை பிடிச்சுக் கேளுங்கோ."

"கணக்குப் படிப்பிச்சவன் நான். எனக்குச் சோதிக்கத் தெரியாதோ?"

நான் வாயை மூடிக்கொண்டேன் என்று நினைக்கவேண்டாம். சண்டை பிடித்தேன். அக்கா இடையில் வந்து, உனக்குப் பிள்ளை பிறந்தால் உன் இஷ்டப்படி வளர் என்றாள். அதற்குமேல் என்ன பேச? பிள்ளை அடி வாங்குவது நிற்கவில்லை. அடுத்த வருடமும் இப்படியே என்றால் தனி வகுப்பில்தான் போடவேண்டும் என்று ஆசிரியை சொல்லியனுப்பினாள்.

தொண்ணூற்று மூன்று டிசம்பரில் ஹபிளைத் திருத்த விண்வெளி ஓடத்தில் ஆட்கள் போனார்கள். அத்தானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது எங்கள் வானத்தில் தெரிகிற நேரத்தை யாரிடமோ போனில் கேட்டு வைத்து, எங்கள் மூவரையும் பள்ளி மைதானத்துக்கு இழுத்துப் போனார். பூமியின் தென்கோடியில் இருக்கிற இந்த நாட்டில் டிசம்பர்தான் கோடை, ஒன்பது மணிக்கும் வெளிச்சம் முழுக்கப் போகாது. வானம் அப்போதுதான் கறுத்துக்கொண்டு வந்தது.

வடக்கே கூரைகளுக்கு மேலால் ஒரு வெள்ளைப் புள்ளி சத்தமில்லாமல் நகர்ந்தது. எனக்கே மெய்சிலிர்த்தது.

"அங்கை பார் பிள்ளை, அதுதான். தெரியுதோ?"

"யெஸ் அப்பா," என்றாள் கம்சாயினி.

"எங்கை? காட்டு."

அவள் கையை நீட்டினாள். தெற்கே, ரோட்டு விளக்குக் கம்பத்தை நோக்கி.

அத்தான் கையை ஓங்கினார். "எனக்கே பொய் சொல்லுறியோ?" நான் இடையில் புகுந்து அந்தக் கையைப் பிடித்தேன். வயதுக்கு மூத்தவர், அக்காவின் புருஷன் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. அவரை விடாமலே பிள்ளையைக் கேட்டேன்.

"அந்த லைட் உனக்கு எப்பிடித் தெரியுது, அம்மா?"

"பிக் ஃபஸி பால், சித்தி. லைக் ஆல் லைட்ஸ்." எல்லா வெளிச்சமும் அவளுக்கு மங்கிய பெரிய பந்துதானாம்.

"வானத்திலை நட்சத்திரம் தெரியுதோ?"

அவள் தகப்பனை ஒருதரம் பார்த்தாள். பிறகு மெதுவாக, தமிழும் இங்கிலிஷும் கலந்து சொன்னாள். நட்சத்திரம் அப்பா காட்டுகிற பக்கத்தில் இருக்குமாம். அவர் காட்டினால் அவள் யெஸ் சொல்லுவாளாம். சொல்லாவிட்டால் அவருக்குக் கோபம் வருமாம். இன்றைக்கு எங்கே என்று கேட்டதால் தெரிந்த ஒரே வெளிச்சத்தைக் காட்டினாளாம்.

வெள்ளைப் புள்ளி கூரைகளுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. அத்தான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

"மூண்டு வரியமா ஊர் முழுக்கக் கேட்டுத் திரிஞ்சியளே," என்றேன். "தாதி சொன்னவள். நான் சொன்னனான். ரெண்டையும் நம்பாமல் பஞ்சாங்கத்தை நம்பினியள். இப்ப நான் கேக்கிறன், உங்கடை அளவுகோலை ஆர் அளந்தது?" என் குரல் அந்த மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் கத்தினேன். அக்கா அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை.

அடுத்த கிழமையே மூக்குக்கண்ணாடி வந்தது. இரண்டு கண்ணும் அவ்வளவு மோசம் என்று கண்ணைச் சோதித்த கண்ணாடிக் கடைக்காரர் சொன்னபோது அத்தான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் அடிமட்டம் எங்கே போனதென்று தெரியவில்லை. தைப்பொங்கலுக்குக் கோயிலில் யாரோ ஹபிள் பேச்சை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தக் கிழமை பேப்பரில் படம் வந்தது. ஒரே நட்சத்திரக் கூட்டம்தான், திருத்துமுன் எடுத்தது ஒன்று, திருத்திய பின் எடுத்தது ஒன்று. அத்தான் மகளைப் பக்கத்தில் இருத்திக் காட்டினார். பெரிய கண்ணாடியை மாற்ற முடியாது, அதனால் அதற்கு முன்னால் மூக்குக்கண்ணாடி மாதிரி ஒன்றை மாட்டினார்கள் என்று, இதுவரை நான் கேட்டிராத தணிந்த குரலில் சொன்னார். கம்சாயினி இரண்டு படத்தையும் கனநேரம் பார்த்தாள். மங்கல் படத்தின் மேல் விரலை வைத்தாள். வீட்டில் இங்கிலிஷிலேயே பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் கேட்டது.

"அப்பா, மங்கலாத் தெரிஞ்சதுக்கு இந்த டெலஸ்கோப்புக்கு ஆரும் அடிச்சவையோ?"

அக்கா தேத்தண்ணி போடுகிற சாட்டில் எழும்பினாள். நான் அவள் கையைப் பிடித்து இருத்தினேன்.

"இரு அக்கா. பிள்ளை கேட்டதுக்கு அவர் மறுமொழி சொல்லட்டும்."

அத்தான் பேப்பரை மடித்து வைத்தார்.

"இல்லை பிள்ளை," என்றார். "அதுக்கு ஒருத்தரும் அடிக்கேல்லை."