குதிரைத் தபால்காரனும் ஏலாக்குறிச்சி அந்தோணியும்

புரொஜெக்டர் தூக்கிப் பிழைத்தவர்களுக்குத் தெரியும்: படம் ஓடும்வரை நம்மை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, நின்றுபோனால் மொத்த ஊரும் பார்க்கும்.

தொண்ணூற்றாறு, ஏழில் அரியலூர் திரைப்படச் சங்கத்துக்கு நான்தான் ஆபரேட்டர். எங்களிடம் வந்த ஓர் அமெரிக்க ஊமைப்படத்தை ஊர் ஊராகக் காட்டினோம். குதிரையில் காடு மலை தாண்டித் தபால் கொண்டுபோகிறவர்களின் கதை.

ஸ்பீக்கர் எங்கே?

ஏலாக்குறிச்சியில் பள்ளிக்கூட ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிப் பகலில் ஓட்டினேன். ஐந்து நிமிஷத்தில் "சவுண்டு வை!" என்று கூச்சல். பேசாத படம் என்று விளக்கிவிட்டு, நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளை எனக்குத் தெரிந்த அளவில் தமிழில் சொன்னேன். முடிந்ததும் முந்திரிக்காட்டில் வேலை செய்யும் சவரியம்மாள் சண்டைக்கு வந்தார்.

"ஊமைப்படம்னு முன்னாடியே சொல்லக் கூடாதுங்களா? எங்க வூட்டுக்காரரக் கூட்டியாந்திருப்பேனே, அவருக்குக் காது கேக்காது!"

தப்பாகச் சொன்னேன்

சவரியம்மாளின் வீட்டுக்காரருக்காகவே அடுத்த ஞாயிறு மறுபடி போட்டோம். குவாரி வெடியில் காது போன அந்தோணி முன்வரிசையில் உட்கார்ந்தார். குதிரைக்காரன் கிளம்பும்போது காதலி ஏதோ சொல்கிறாள். எழுத்து சட்டென்று மறைந்துவிட்டது. "போயிட்டு வா" என்று நானாக அடித்துவிட்டேன். அந்தோணி மனைவியைத் தட்டிக் கையை ஆட்டினார். "போவாதேங்குதாம்" என்றார் சவரியம்மாள்.

கூட்டம் போன பிறகு அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிப் படித்தேன். அந்தோணி சொன்னதுதான் சரி. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வாசலில் நின்ற அவர்கள் இருவரிடமும் தயங்கி ஒப்புக்கொண்டேன். அந்தோணி சிரித்துக்கொண்டே கையால் பேசியதை அந்த அம்மாள் சொன்னார்:

"இருவது வருசமா எல்லார் மூஞ்சியையும் பாத்துத்தான் படிக்கிறாராம்."

ஆற்றின் நடுவே

கடைசியாக வரதராஜன்பேட்டை. தபால் பையோடு குதிரை ஆற்றில் இறங்கியபோது பிலிம் சிக்கிக்கொண்டது. பல்பின் சூட்டில் திரையிலேயே பழுப்பு விரிந்து, ஆறு, குதிரை, ஆள் எல்லாம் கருகிப்போயின. நான் சுவிட்சை அணைப்பதற்குள் மிச்சமும் கிழிந்தது. சென்னைக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய பிரதி அது. ஜனங்களோ, "என்னாச்சு அவனுக்கு?" என்றபடி எழுந்திருக்கவேயில்லை.

அப்போது அந்தப் பக்கத்துத் தபால்காரர் சைக்கிள் கிளிப்பைக் காலில் மாட்டிக்கொண்டே எழுந்தார்.

"தபாலு போய்ச் சேந்துடும்ங்க. லேட்டாவும், அவ்ளோதான். எல்லாரும் வூட்டுக்குப் போங்க."

அந்தப் படத்தை அப்புறம் எங்களுக்கு யாரும் அனுப்பவில்லை என்றாலும், ஒரு வார்த்தைகூடப் பேசாத படத்தால் இத்தனை பேச்சு வாங்கிய ஆபரேட்டர் இந்தச் சீமையில் நான் ஒருத்தன்தான்.