ஆயுத பூஜைக்கு ஓய்வு கொடுத்த மெஷின்கள்

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூஜைக்கு முதல் நாள், தி.நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் நடந்தது இது. இன்றைக்கு நினைத்தாலும் ரத்தம் கொதிக்கிறது.

நான் சர்வர்களில் டிஸ்க் மாற்றும் வேலை பார்க்கிறேன். அந்த சென்டரில் எடுக்கும் படங்களைப் பல மெஷின்கள் சேர்ந்து சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதிகள், மூன்று வேறு மெஷின்களில். ஒரு டிஸ்க் செத்தால் அதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும். மற்ற இரண்டு பிரதிகளிலிருந்து அது தன்னை நிரப்பிக்கொள்ளும். நிரம்பி முடியும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

அன்று காலை ஒரு டிஸ்க்கை மாற்றினேன். "சாயங்காலம் வரைக்கும் இந்த ரூமுக்குள்ள யாரும் வரக் கூடாது சார்" என்று மேனேஜரிடம் சொன்னேன். தலையாட்டினார். ராயப்பேட்டையில் இன்னொரு வேலையை முடித்துவிட்டு மதியம் திரும்பினேன்.

ரூமைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். எல்லா மெஷினும் அணைந்து கிடந்தது. ஒவ்வொன்றின் முகப்பிலும் சந்தனம், குங்குமம். மேலே சாமந்தி மாலை வேறு.

"யார் சார் ஆஃப் பண்ணது?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"நான்தான். வருஷம் பூரா ஓடிக்கினு கீது, பூஜைக்காவது ரெஸ்ட் வேணாமா? சாமி விஷயத்துல இன்னாத்துக்கு நைனா டென்ஷன் ஆவுற?"

வருடக்கணக்கில் நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க், ஒரு முறை நின்றால் மறுபடி சுற்றாமலே போகலாம். ஆன் செய்தேன். பயந்தது நடந்தது. வேறு வேறு மெஷின்களில் இரண்டு டிஸ்க்குகள் எழவில்லை. காலையில் போட்ட புதியது பாதிகூட நிரம்பவில்லை. எத்தனையோ பேருடைய படங்களுக்கு மூன்று பிரதியும் போச்சு.

அதில் ஒரு படத்துக்காக மந்தைவெளியிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் வெளியே காத்திருந்தார். அவர் மனைவிக்கு மூளையில் கட்டி. போன வருடப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் ஆபரேஷனா, மாத்திரையா என்று முடிவு செய்வேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த சிடி மழைத் தண்ணீரில் நாசமாகிவிட்டது.

மேனேஜர் அவரிடம் கூசாமல் என்னைக் கை காட்டினார். "அந்த இன்ஜினியர் காலைல வந்து டிஸ்க்கைக் கயட்டினாரு. அதுலேர்ந்துதான் பிராப்ளம்."

பெரியவர் நேராக என்னிடம் வந்தார். "இன்னா தம்பி, ஓடிக்கினு இருந்ததைக் கயட்டிட்டியாமே? என் சம்சாரம் தலைல கத்தி வெக்கணுமா வேணாமான்னு அந்தப் படந்தான் சொல்லணும். உனுக்கு இன்னா போச்சு?"

வாய்வரை வந்த கெட்ட வார்த்தையை விழுங்கிக்கொண்டு உள்ளே போனேன். சண்டை போட அப்போது நேரமில்லை. ஒரு டிஸ்க் செத்தது செத்ததுதான். இன்னொன்றை உருவி, மெல்ல அசைத்து, வேறு இடத்தில் செருகி, மறுபடி உருவி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. எந்த நிமிடமும் நிற்கலாம். முதலில் அந்த அம்மாவின் படத்தை எடுத்து சிடியில் போட்டேன்.

மேனேஜர் பொரி கடலைத் தட்டோடு வந்தார். "பாத்தியா, சாமி கைவிடல" என்று சொல்லி, சிடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய்ப் பெரியவரிடம் கொடுத்தார். "நல்லாருப்பே நைனா" என்று அவர் மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்த பார்வையைச் சொல்ல வேண்டாம். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பின்னாலேயே படியிறங்கி ஓடினேன். அவர் ஏறிய ஆட்டோ கிளம்பிவிட்டது. மேலே வந்து மேனேஜரை எல்லார் முன்னாலும் கிழி கிழியென்று கிழித்தேன். அவர் என் கம்பெனிக்குப் புகார் கொடுத்தார்.

பூஜைமேல் எனக்குக் கோபமில்லை. என் பைக்குக்கும் பொட்டு வைக்கிறவன்தான் நான். கேட்காமல் தொட்டதும், தொட்டுவிட்டுப் பழியை அடுத்தவன் தலையில் போட்டதும்தான் ஆறவில்லை.

அந்த டிஸ்க் கொஞ்ச நேரத்தில் நின்றேபோனது. அதற்குள் சிலருடைய படங்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. மீதிப் பேர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர்கள் வந்து கேட்டபோதெல்லாம் "சர்வர் பிராப்ளம்" என்றுதான் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதனால்தான் எந்த கவுன்ட்டரில் யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும், "பிராப்ளம் சரி, கை வெச்சது யாரு?" என்று கேட்காமல் என்னால் இன்றும் நகர முடிவதில்லை.